ஒரு கதை, மூன்று முடிவுகள்: ‘அட்டாக் ஆன் டைட்டன்’ ரசிகர்களின் தீராத வழக்கு

2019 கோடைக்காலம். டோக்கியோவின் ரோப்போங்கி பகுதியில் உள்ள மோரி ஆர்ட்ஸ் சென்டரில், ‘அட்டாக் ஆன் டைட்டன்’ மங்காவுக்காகப் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. கையால் வரைந்த மூலப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, வேறெந்த காமிக்ஸ் கண்காட்சியிலும் கிடைக்காத ஒன்று அங்கே காத்திருந்தது. கதையின் கடைசி அத்தியாயத்தின் ஒலி! அந்த அத்தியாயம் அச்சில் வர இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது. படம் கிடையாது, விளக்கம் கிடையாது. காதால் கேட்டதை வைத்துக்கொண்டு, என்ன நடக்கப்போகிறது என்று அவரவரே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு முந்தைய வருடமே பொறி பற்றிவிட்டது. 2018 நவம்பரில் ‘ஜோனெட்சு தைரிகு’ என்ற ஜப்பானிய தொலைக்காட்சி நிகழ்ச்சி, இந்தத் தொடரை எழுதி வரைந்த ஹாஜிமே இசயாமாவின் வேலை அறைக்குள் கேமராவோடு போனது. அங்கே அவர், கதையின் கடைசிப் படம் என்று ஒரு கரட்டு வரைவைக் காட்டினார். யாரோ ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். தூக்கி வைத்திருப்பது நாயகன் எரெனா? குழந்தை ராணி ஹிஸ்டோரியாவுடையதா? இரண்டு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க ரசிகர்கள் அந்த ஒற்றைப் படத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள்.

2021 ஏப்ரல் 9-ல் கடைசி அத்தியாயம் வந்தது. ‘பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசின்’ என்ற மாத இதழின் முதல் இதழிலேயே, 2009 செப்டம்பரில் தொடங்கிய தொடர் அது. 139 அத்தியாயங்கள், 34 தொகுதிகள், 10 கோடிக்கும் அதிகமான பிரதிகள். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் அந்த அத்தியாயத்தில் இருந்தது. ஆனால் கடைசிப் படமாக அல்ல. பிறந்த குழந்தையாக இருந்த எரெனை அவன் அப்பா க்ரிஷா தூக்கி வைத்திருந்த பழைய நினைவாக, அத்தியாயத்தின் நடுவில் வந்து போனது.

யூகம் பொய்த்த ஏமாற்றம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இந்த அத்தியாயம் கிளப்பிய சண்டை ஆறவில்லை. அதற்குப் பிறகு முடிவு இன்னும் இரண்டு முறை வேறு வடிவம் எடுத்தது என்பதுதான் இதில் அபூர்வம். முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. படிக்கும் எண்ணமுள்ளவர்கள் படித்துவிட்டு வந்து தொடரலாம்.

மலை சூழ்ந்த ஊரிலிருந்து

கதை இதுதான். மனிதர்களைப் பிடித்துத் தின்னும் டைட்டன்களுக்குப் பயந்து, மிச்சமிருக்கும் மனித இனம் 50 மீட்டர் உயர மதில்களுக்குள் நூறு வருடமாக அடைந்து கிடக்கிறது. ஒருநாள் அந்த மதிலுக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. மதில் உடைகிறது. சிறுவன் எரென் யேகரின் கண்ணெதிரே அவன் அம்மாவை ஒரு டைட்டன் தின்கிறது. டைட்டன்களை ஒன்று விடாமல் அழிப்பேன் என்று சபதம் எடுக்கிறான். கூடவே வளர்ந்த மிகாசாவும், கடலைப் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்டு ஏங்கும் ஆர்மினும் அவனோடு ராணுவத்தில் சேர்கிறார்கள்.

இசயாமா பிறந்தது 1986-ல், கியூஷூ தீவில் ஓயிட்டா மாகாணத்தின் ஒயாமாவில். இன்று அது ஹிட்டா நகரோடு சேர்ந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. நெல்லுக்கு ஏற்ற சமநிலம் குறைவு என்பதால், 1960-களில் அந்த ஊர் பிளம், செஸ்ட்நட் மரங்களுக்கு மாறியது. பிளமும் செஸ்ட்நட்டும் நட்டு, சம்பாதித்து, ஹவாய்க்குப் போய் வருவோம் என்பதுதான் அன்று ஊருக்கே முழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் போவதை வாழ்க்கையின் லட்சியமாக ஊரே வைத்திருந்த இடத்தில் வளர்ந்தவர், மதிலுக்கு வெளியே போகத் துடிக்கும் சிறுவனைக் கற்பனை செய்ததில் வியப்பில்லை. மலைகளே மதில்களாயின என்று அவரும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்று ஒயாமா அணைக்கட்டின் அடியில், சிறு வயது எரென், மிகாசா, ஆர்மின் மூவரும் அண்ணாந்து பார்க்கும் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ரசிகர்களிடம் நிதி திரட்டி 2020 நவம்பரில் திறந்தவை. பின்னால் எழும் அணைச்சுவர், பார்ப்பவர் கண்ணுக்கு அப்படியே அந்த மதில்தான்.

டைட்டன் உருவானது வேறொரு இடத்தில். இன்டர்நெட் கஃபே ஒன்றில் பகுதிநேர வேலை பார்த்தபோது, குடித்துவிட்டு வந்த ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தாராம். எதிரே நிற்பதும் மனிதன்தான். ஆனால் பேச்சு எடுபடாது. அந்தப் பயத்தைத்தான் அவர் வரைந்தார். ஆரம்பத் தொகுதிகளில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கோடுகள் தடுமாறும். அந்தத் தடுமாற்றமே டைட்டன்களின் முகத்துக்குப் பொருந்தியது. சிரித்தபடி, கண்ணில் ஒன்றுமே இல்லாமல் ஓடிவரும் அந்த உருவங்களைக் கைதேர்ந்த ஓவியர் ஒருவர் அழகாக வரைந்திருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

தொடங்கியபோது அவருக்கு வயது 23. முடிக்கும்போது 34. மாதம் ஒரு அத்தியாயம், சுமார் 45 பக்கம், பதினொன்றரை வருடம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

இந்தத் தொடரின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. எரென் வீட்டு நிலவறையில் ஒளித்து வைத்திருந்த அப்பாவின் குறிப்புகளைப் படிக்கும்போது, மனித இனம் அழியவே இல்லை என்று தெரியவருகிறது. மதிலுக்கு வெளியே பெரிய உலகம் இருக்கிறது. நகரங்கள், ரயில்கள், போர்க்கப்பல்கள் எல்லாம் இருக்கின்றன. மதிலுக்குள் இருப்பவர்கள் பாரடிஸ் என்ற தீவில் ஒதுங்கிக் கிடக்கும் எல்டியர்கள். டைட்டனாக மாறக்கூடிய ரத்தம் அவர்களுடையது. உலகமே அவர்களை வெறுக்கிறது. மார்லி நாட்டில் வாழும் எல்டியர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு லிபெரியோ என்ற அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும்.

90-வது அத்தியாயத்தில் மூவரும் கடலைப் பார்க்கிறார்கள். எல்லோரும் தண்ணீரில் துள்ள, ஆர்மின் ஒரு சங்கைக் கையில் ஏந்தி நிற்க, எரென் மட்டும் அக்கரையைச் சுட்டிக்காட்டி, அங்கிருப்பவர்களை எல்லாம் கொன்றால் நமக்கு விடுதலையா என்று கேட்கிறான். கதை அங்கேயே முடிந்திருக்கலாம் என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி முடிந்திருந்தால் நல்ல சாகசக் கதை கிடைத்திருக்கும். இசயாமா அந்தக் கேள்விக்கு விடை வரைய 49 அத்தியாயம் எடுத்துக்கொண்டார்.

விடை பயங்கரமானது. எரென் மதில்களுக்குள் உறைந்து நின்ற எண்ணற்ற ராட்சத டைட்டன்களை எழுப்பி உலகத்தின் மேல் நடக்க விடுகிறான். மனித குலத்தில் 80 சதவீதம் மிதிபட்டு அழிகிறது. அவனைத் தடுக்கப் போவது அவனுடைய நண்பர்களே. 138-வது அத்தியாயத்தில் மிகாசா அவன் தலையைத் துண்டித்து, அந்தத் தலைக்கு முத்தமிட்டு வழியனுப்புகிறாள். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மரத்தடியில் தூங்கி எழுந்த சிறுவன் எரென் காரணம் தெரியாமல் அழுவான். அதற்கு முன் ஒரு கட்டத்தில், முடி குட்டையான மிகாசாவின் முகம் வந்து மறையும். அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதினோரு வருடம் கழித்துத்தான் பதில். இப்படி ஒரு முடிச்சைப் போட்டு, அத்தனை வருடம் மாத இதழில் ஓட்டி, சரியாக அதே இடத்தில் அவிழ்ப்பது சாமானியமல்ல. இந்த ஒன்றுக்காகவே இசயாமாவை எழுந்து நின்று பாராட்டலாம்.

அடுத்த மாதம் வந்த 139-வது அத்தியாயத்தில்தான் வழக்கு தொடங்குகிறது.

சாவதற்கு முன் எரென் ஆர்மினின் மனதுக்குள் வந்து பேசிய உரையாடல் அதில் வருகிறது. நண்பர்கள் தன்னைக் கொன்று உலகத்தின் கண்ணில் வீரர்களாக வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்ததாகச் சொல்கிறான். அம்மாவைத் தின்ற டைட்டனை அம்மா இருந்த பக்கம் திருப்பிவிட்டதும் தானே என்கிறான். பிறகு, ஏன் செய்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்கிறான். மிகாசா வேறொருவனை நேசிப்பதைத் தாங்க முடியாது, பத்து வருடமாவது தன்னையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மூக்கு ஒழுக அழுகிறான். ஆர்மின் அவனைத் தேற்றி, தங்களுக்காகக் கொலைகாரன் ஆனதற்கு நன்றி சொல்கிறான்.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இறுகிய முகத்தோடு உலகையே எதிர்த்து நின்றவனை இப்படிப் புலம்ப விட்டுவிட்டாரே என்பது ஒரு கூட்டத்தின் கோபம். கொலைக்கு நன்றியா என்பது இன்னொரு கூட்டத்தின் கோபம். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டாலும், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதல் கோபத்தில் நியாயம் இல்லை. அதற்குச் சான்று 131-வது அத்தியாயத்திலேயே இருக்கிறது. மார்லி நாட்டுச் சந்து ஒன்றில், ரம்ஸி என்ற அகதிச் சிறுவனைத் திருட்டுக் குற்றம் சொல்லிக் கூட்டம் ஒன்று அடித்து நொறுக்குகிறது. எரென் முதலில் கண்டும் காணாமல் நடந்துபோகிறான். தான் செய்யப்போகும் காரியத்தை நினைத்தால், இந்தச் சிறுவனைக் காப்பாற்றத் தனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் திரும்பி வந்து காப்பாற்றுகிறான். காப்பாற்றியவன், அந்தச் சிறுவன் முன்னாலேயே உடைந்து அழுது மன்னிப்புக் கேட்கிறான். இன்னும் நடக்காத கொலைக்கான மன்னிப்பு. ரம்ஸிக்கு அந்த மொழி புரியவில்லை. பேந்தப் பேந்த விழிக்கிறான். மதிலுக்கு வெளியே ஆர்மினின் புத்தகத்தில் இருந்ததுபோல யாருமற்ற வெட்டவெளி இருக்கும் என்று நம்பியிருந்தேன், மனிதர்கள் இருந்ததைப் பார்த்து ஏமாந்தேன் என்று அங்கேயே எரென் ஒப்புக்கொள்கிறான். சில பக்கங்கள் தள்ளி, ரம்ஸியும் அவன் அண்ணனும் டைட்டன்களின் காலடியில் மாட்டுகிறார்கள். அதே நேரத்தில் மேகத்துக்கு மேலே, சின்னப் பையனாக மாறிய எரென் கைகளை விரித்துச் சிரிக்கிறான்.

மங்கா வரலாற்றில் இதைவிடக் கொடூரமான ஒரு பக்கம் இருக்குமா என்பது சந்தேகம். இதைப் படித்த பிறகும் எரெனை மாபெரும் திட்டக்காரனாக நம்பிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்கு வேண்டிய எரெனைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவன் தொடக்கம் முதலே ஒரு பிடிவாதக்காரப் பையன். அவன் கையில் கடவுளுக்கான பலம் சிக்கிவிட்டது. கடைசியில் அழுவதுதான் அவனுக்கு இயல்பு.

இரண்டாவது கோபம் அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. கையில் பட்டை, முள்வேலி அடைப்பு, ரத்தத்தைச் சொல்லி ஒதுக்குதல் என்று, நாஜிகள் ஐரோப்பாவில் யூதர்களுக்குச் செய்ததை நேரடியாக நினைவூட்டும் சித்திரங்களைக் கதைக்குள் கொண்டுவந்தவர் இசயாமா. அப்படிப்பட்ட கதையில், இத்தனை பேரும் நேசித்த ஆர்மின், அறிவாளி, பேசித் தீர்க்கலாம் என்று கடைசி வரை நம்பியவன், இன அழிப்புக்கு நன்றி சொன்னால் அது வெறும் வசனப் பிழையாக நிற்காது. அத்தியாயம் முழுக்கவே அவசரம். எரெனின் வாக்குமூலம், தன்னை அடிமையாக்கிய அரசன்மீது ஆதித் தாய் யிமிர் வைத்த காதல், டைட்டன் சக்தியின் அழிவு, மூன்று வருடத்துக்குப் பிந்தைய உலகம் என மூன்று நான்கு அத்தியாயத்துக்கான சரக்கு ஒரே அத்தியாயத்தில் திணிக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் ஆர்மின் வாயில் இப்படி ஒரு வசனம் வந்து விழுந்தது. அதற்கு ரசிகர்கள் கோபப்பட்டது சரி.

எட்டுப் பக்கம்

இரண்டு மாதம் கழித்து, 2021 ஜூன் 9-ல் 34-வது தொகுதி வந்தது. மாத இதழில் இல்லாத எட்டுப் பக்கங்கள் அதில் கூடியிருந்தன. வசனமே இல்லாமல் காலம் நகரும் பக்கங்கள்.

எரென் புதைக்கப்பட்ட குன்றின் மரத்தடிக்கு மிகாசா ஓர் ஆணோடும் குழந்தையோடும் வருகிறாள். அந்த ஆணின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. அடுத்து அவள் வயதானவளாக வருகிறாள். அதற்கடுத்து சவப்பெட்டியில் கிடக்கிறாள். கழுத்தில் எரென் சுற்றிவிட்ட அதே சால்வை. மரம் வளர்கிறது. பின்னால் இருக்கும் ஊர் நகரமாகிறது, வானளாவிய கட்டடங்களாகிறது. பிறகு அந்த நகரத்தின் மேல் குண்டுகள் விழுகின்றன. கட்டடங்கள் இடிந்து, செடிகொடி மண்டி, எதுவும் மிச்சமில்லாத காலத்தில், ஒரு சிறுவனும் நாயும் அந்த மரத்தை நோக்கி வருகிறார்கள். மரம் இப்போது பெரும் விருட்சம். அடியில் பொந்து. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் துரத்தப்பட்டு ஓடிவந்த அடிமைச் சிறுமி யிமிர் விழுந்ததும், டைட்டன் சக்தி பிறந்ததும் இப்படிப்பட்ட ஒரு மரத்தின் பொந்தில்தான்.

இந்த எட்டுப் பக்கமும் சேர்ந்தால் 139-வது அத்தியாயத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. எரென் 80 சதவீத மனிதர்களைக் கொன்றதால் பாரடிஸ் தீவு பிழைத்துவிடவில்லை. கொஞ்ச காலம் கிடைத்தது, அவ்வளவுதான். ஆர்மின் சொன்ன நன்றி செல்லாக்காசு என்று ஆசிரியரே படம் வரைந்து காட்டிவிட்டார். ஏப்ரலிலேயே இந்தப் பக்கங்கள் இதழில் வந்திருந்தால் பாதி வழக்கு தள்ளுபடியாகியிருக்கும்.

ஆனால் இசயாமாவுக்கு அதுவும் போதவில்லை. 2022 நவம்பரில் அனிமே என்.ஒய்.சி. விழாவுக்காக நியூயார்க் போனார். நிரம்பி வழிந்த அரங்கில், முடிவைப் பற்றிய கேள்வி வந்தபோது, அதைக் குறித்து இன்னும் தனக்குள் போராட்டம் இருப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். குரல் தழுதழுத்தது. அரங்கம் நீண்ட நேரம் கைதட்டியது. அங்கே கைதட்டியவர்களில் அந்த முடிவை ஏற்காதவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக மாதாமாதம் தங்களோடு இருந்த ஒருவர் மேடையில் கலங்கி நிற்கும்போது, வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு அவருக்குக் கைதட்டத் தெரிந்த ரசிகர்கள் அவர்கள்.

மூன்றாவது முடிவு 2023 நவம்பர் 4 அன்று வந்தது. விட் ஸ்டுடியோ 2013-ல் தொடங்கி, பின்னர் மாப்பா நிறுவனம் ஏற்று நடத்திய அனிமே தொடரின் கடைசிச் சிறப்புப் பகுதி அது. எரெனும் ஆர்மினும் பேசிய அந்த உரையாடலை இசயாமாவின் பங்களிப்போடு திருத்தி எழுதியிருந்தார்கள். ஆர்மின் நன்றி சொல்லித் தப்பித்துக்கொள்வதில்லை. ரத்தம் கலந்த நீரில் நின்றுகொண்டு, மதிலுக்கு வெளியே உலகம் இருக்கிறது என்ற ஆசையை எரென் மனதில் விதைத்தவன் நான்தான் என்று பழியில் பங்கு கேட்கிறான். நீரில் கிடக்கும் சங்கு ஒன்றை எடுத்து எரென் கையில் கொடுக்கிறான். கடற்கரையில் எரென் ஏறெடுத்தும் பார்க்காத அதே சங்கு. நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் இருவரும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். எரெனும் தன்னைத் தியாகியாக்கிக்கொள்வதில்லை; பலம் கையில் சிக்கிய முட்டாள் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

கதையின் எலும்பு மாறவில்லை. செத்தவர்கள் செத்தவர்களே. ஒரே ஓர் உரையாடல் மாறியதில் ஆர்மின் என்ற பாத்திரம் மீண்டு வந்தது. அச்சில் வந்துவிட்டால் ஆசிரியன் வாயைத் திறக்கக் கூடாது என்ற பழைய நம்பிக்கை உண்டு. இந்தத் திருத்தம் அதைப் பொய்யாக்குகிறது. ரசிகர்கள் கேட்டதையெல்லாம் அவர் கொடுத்துவிடவில்லை. எரெனை வெற்றி பெற வைக்கவில்லை, மிகாசாவோடு சேர்த்து வைக்கவும் இல்லை. எது நியாயமான குறை என்று அவரே தேர்ந்தெடுத்து, அதை மட்டும் சரிசெய்தார்.

அதே மாதம் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில், பாதிக்கப்பட்டவன் பாதிப்பவனாக மாறும் கதை என்பது தொடங்கும்போதே முடிவானது என்றும், புகழ் வந்த பிறகு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம், ஆனால் இளவயதில் போட்ட திட்டத்துக்கே கட்டுப்பட்டுப் போனேன் என்றும் இசயாமா பேசினார். எந்த மதிலையும் தாண்டத் துடித்த நாயகன், முன்பே எழுதப்பட்ட எதிர்காலத்தை விட்டு ஓர் அடி விலக முடியாமல் நடந்து போவான். அவனைப் படைத்தவருக்கும் அதுவே நேர்ந்தது என்று தெரிந்த பிறகு 139-வது அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை என எரென் திணறும் இடத்தின் கனம் கூடித்தான் போகிறது.

அதற்குப் பிறகும் இந்தத் தொடர் உறங்கவில்லை. 2024 நவம்பரில் கடைசிப் பகுதிகளைச் சேர்த்து ‘தி லாஸ்ட் அட்டாக்’ என்று திரைப்படமாக ஜப்பானில் வெளியிட்டார்கள். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு குட்டிக் காட்சி. இன்றைய காலத்து மாணவர்களாக எரென், மிகாசா, ஆர்மின் மூவரும் தியேட்டரிலிருந்து, பார்த்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே வருகிறார்கள். தொகுதிகளின் கடைசியில் இசயாமா வேடிக்கையாக வரைந்துவந்த பள்ளிக்கூடக் கதையின் தொடர்ச்சி அது. ரசிகர்களின் விவாதத்துக்குள் தன் பிள்ளைகளையும் இறக்கிவிட்டுவிட்டார்.

அதே வருடம் ஏப்ரல் 30-ல் ‘ஃப்ளை’ என்ற ஓவியத் தொகுப்பு வந்தது. தொடர் முடிந்து மூன்று வருடம் கழித்து அவர் வரைந்த புதிய அத்தியாயம், ‘பேட் பாய்’, அதோடு இணைந்திருந்தது. 18 பக்கம். ரசிகர்களின் செல்லப்பிள்ளையான கேப்டன் லீவையின் சிறுவயதுக் கதை.

வழக்கில் மிச்சமிருப்பது ஹிஸ்டோரியா. அப்பாவின் பேச்சைக் கேட்டு டைட்டனாக மாறி எரெனைத் தின்ன மறுத்து, அந்த அப்பனையே எதிர்த்து ராணியானவள். ஆதரவற்ற குழந்தைகளுக்கு விடுதி நடத்தியவள். எரென் தன் கொலைத் திட்டத்தை முன்கூட்டியே மனம் விட்டுச் சொன்ன சிலரில் அவளும் ஒருத்தி. அதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படி வாயை மூடிக்கொண்டு இருந்தாள், அந்தக் குற்றத்தோடு பிறகு எப்படி ஆட்சி செய்தாள்? 139-வது அத்தியாயத்தில் மகளின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள், ஒரு கடிதம் எழுதுகிறாள். எட்டுப் பக்கத்திலும் அவள் கதை இல்லை, அனிமேவிலும் கூடுதலாக ஒன்றும் சேரவில்லை. லீவைக்கு 18 பக்கம் கொடுத்த இசயாமா அவளுக்கும் ஓர் அத்தியாயம் வரைந்தே ஆக வேண்டும்.